ஃபென்டன் கசடுத் தொகுப்பு: கோலாலம்பூர் நிலையங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

கந்தக அமிலம், ஃபெரஸ் சல்ஃபேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுண்ணாம்பு. இந்த நான்கோடு ஒரு கலக்கும் தொட்டி, டோசிங் பம்புகள், கசடைத் துணிகளுக்கிடையில் அழுத்திப் பிழியும் ஒரு பிளேட் ஃபில்டர் பிரஸ். கழிவுநீர்க் கசடிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்க, ஃபென்டன் முறைக் கசடுத் தொகுப்பு என்று விற்பது இவ்வளவுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள கழிவுநீர் நிலையங்களுக்கு இதைக் கொண்டுவரும் விற்பனையாளர் முதலில் காட்டுவது ஒரு எண்ணை: பாலிமர் போட்டால் 20 சதவீதத் திண்மத்தோடு வரும் கேக் (பிழிந்த கசடுக் கட்டி), இதில் 50 சதவீதத்தோடு வரும். அந்த எண் பொய்யல்ல, நல்ல பிரஸ்ஸும் சரியான அளவும் இருந்தால் எட்டக்கூடியதுதான். ஆனால் அதை அப்படியே வைத்து லோரிக் கணக்குப் போட்டால் சேமிப்பு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பற்றியது. அடுத்தபடியாக, கலக்கும் தொட்டியருகில் நிற்கும் ஆளைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிளேட் பிரஸ் ஏற்கனவே உள்ள நிலையம், கேக்கைத் தூரமாக ஏற்றி அனுப்பப் பெருஞ்செலவு செய்யும் நிலையம் என்றால் ஐந்துக்கு நான்கு. ஓடும் பெல்ட்டுகளுக்கிடையில் பிழியும் பெல்ட் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு. சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மட்டும் இருந்தால் ஒன்று. கொண்டோ, தாமான் (குடியிருப்புப் பகுதி) ஓரத்தில் இருக்கும் சிறிய நிலையம், அங்கே முழுநேர ஆபரேட்டர் இல்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

கசடு ஏன் தண்ணீரை விடுவதில்லை

காற்றூட்டத் தொட்டியில் வளரும் நுண்ணுயிர்கள் தங்களைச் சுற்றிப் புரதம், பலசர்க்கரை, ஹியூமிக் பொருள்கள் கலந்த ஒரு வழுவழுப்பைச் சுரக்கின்றன. வெண்டைக்காய்ச் சாற்றைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு இதன் குணம் புரியும். அழுத்தினால் நழுவும், தண்ணீர் மட்டும் தனியே வராது. பாலிமர், அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட பாலிஅக்ரிலமைடு, சிதறிக் கிடக்கும் துகள்களைக் கட்டியாகச் சேர்க்கிறது. துகள்களுக்கு இடையில் உள்ள தண்ணீர் உடனே வடியும். வழுவழுப்புக்குள் சிக்கிய தண்ணீரை அது தொடுவதே இல்லை. அதனால்தான் பாலிமர் அளவை எவ்வளவு கூட்டினாலும் கேக் 20 சதவீதத்தின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆக்சிஜனேற்றம் அந்த வழுவழுப்பையே வெட்டுகிறது. இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலத்தைத் தாக்கும் என்று வேதியியலாளர் ஃபென்டன் 1894-ல் எழுதினார். ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, நொடிப்பொழுதே வாழ்ந்து எதையும் தாக்கும் துகள்தான் அந்த வேலையைச் செய்கிறது என்ற விளக்கம் ஹேபரும் வைஸும் 1930-களில் தந்தது. இந்த ரேடிக்கலின் ஆக்சிஜனேற்றத் திறன் சுமார் 2.8 வோல்ட். ஓசோனுக்கு 2.07, வெறும் பெராக்சைடுக்கு 1.78. புரதச் சங்கிலியும் சர்க்கரைச் சங்கிலியும் அறுபடுகின்றன, கட்டுண்ட நீர் விடுபடுகிறது. வேலை முடிந்த ஃபெரஸ் இரும்பு, மேலும் ஆக்சிஜனேறிய வடிவமான ஃபெரிக் இரும்பாக மாறி, அறுந்த துண்டுகளை மறுபடி திரட்டும் உறைபொருளாகவும் பயன்படுகிறது. உடைப்பதும் சேர்ப்பதும் ஒரே மருந்துக்குள் நடக்கிறது. இந்த முறையின் உண்மையான அழகு இதுதான்.

இதற்கெல்லாம் பி.எச். 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 5-க்கு மேலே போனால் ஃபெரிக் இரும்பு சுழற்சிக்குத் திரும்பாமல் துருவாகப் படிந்துவிடும், பெராக்சைடு வெறும் ஆக்சிஜனாகப் பிரிந்து நுரைத்துப் போகும். அமிலத்தில் மிச்சம் பிடித்தால் பெராக்சைடில் இரட்டிப்பாக இழப்பீர்கள்.

50 சதவீதம் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது

ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் சேர்மானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் உலர் திண்மத்துக்கு ஃபெரஸ் இரும்பு 40 கிலோ, தூய பெராக்சைடு 32 கிலோ, சுண்ணாம்பு 300 கிலோ. கடையில் வாங்கும் கணக்குக்கு மாற்றினால், இரும்புக்கு ஏழு மூலக்கூறு நீர் கொண்ட ஃபெரஸ் சல்ஃபேட் 200 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் எட்டு. பெராக்சைடு 35 சதவீதக் கரைசலாக 91 கிலோ, ஏறத்தாழ 80 லிட்டர். சுண்ணாம்பு பன்னிரண்டு மூட்டை. அமிலம் தனி. மொத்தம் 600 கிலோவுக்கும் மேல் இரசாயனம், ஒரே ஒரு டன் திண்மத்துக்கு. அதே ஒரு டன்னுக்குப் பாலிமர் பொதுவாக 4 முதல் 10 கிலோ போதும்.

இப்போது பிரஸ்ஸுக்குள் போவதை எடை போடுங்கள். தொடங்கிய 1,000 கிலோவில் 50 கிலோ கரைந்து வடிநீரோடு போனதாக வைத்துக்கொள்வோம். இரும்பு, ஹைட்ராக்சைடாகப் படிந்து 76 கிலோ கூட்டும். சுண்ணாம்பில் பெரும்பகுதி கேக்கிலேயே தங்கும். ஆக சுமார் 1,330 கிலோ திண்மம். 50 சதவீதக் கேக் என்றால் 2.66 டன். பாலிமர் வழியில் 20 சதவீதக் கேக் 5 டன். மிச்சம் 2.3 டன். கொட்டேஷனில் இதே மிச்சம் 3 டன் என்று இருக்கும், ஏனென்றால் அங்கே 1,000 கிலோவை நேராக 0.5-ஆல் வகுத்திருப்பார்கள்.

பிரஸ் 40 சதவீதம்தான் தந்தால் கேக் 3.3 டன், மிச்சம் 1.7 டன். 30 சதவீதத்தில் நின்றால் கேக் 4.4 டன், மிச்சம் அரை டன்னுக்குச் சற்று மேல். அரை டன் கேக்கைக் குறைக்க அரை டன்னுக்கும் அதிகமான இரசாயனம் வாங்கியிருப்பீர்கள். 50 சதவீதக் கேக்கிலும் உங்கள் சொந்தக் கசடு 36 சதவீதம்தான், மீதித் திண்மம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தது. கேக்கை எரிக்கவோ சிமெண்ட் சூளைக்கு அனுப்பவோ திட்டம் இருந்தால் இது இன்னும் முக்கியம். சுண்ணாம்பும் இரும்பும் எரியாது, சாம்பலாகவே மிஞ்சும்.

எனவே விற்பனையாளரிடம் கேக்கின் சதவீதத்தைக் கேட்காதீர்கள். மூலக் கசடின் ஒரு டன் உலர் திண்மத்துக்கு எத்தனை டன் ஈரக் கேக் வெளியேறும் என்று கேளுங்கள். சேமிக்கும் டன்னை உங்கள் லோரிக் கட்டணத்தோடும் கொட்டும் கட்டணத்தோடும் பெருக்குங்கள். அந்தத் தொகை இரசாயனம், ஃபில்டர் துணி, கூடுதல் ஆள் மூன்றையும் தாங்கினால் மட்டும் மேலே பேசலாம்.

சுண்ணாம்பு இல்லாத சேர்மானமும் உண்டு. 2003-ல் வெளியான பெல்ஜிய பைலட் ஆய்வு ஒரு கிலோ திண்மத்துக்கு 25 கிராம் பெராக்சைடு, வெறும் 1.67 கிராம் ஃபெரஸ் இரும்பு, பி.எச். 3 என்று வேலை செய்தது. திண்மம் கூடாது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் எலும்புக்கூடு போல் நின்று தண்ணீருக்கு வழிவிடும் சுண்ணாம்புத் துகள்கள் இல்லாததால், கேக் துணியில் ஒட்டிக்கொள்ளுமா உதிருமா என்பதை உங்கள் கசடில் உங்கள் துணியில்தான் பார்த்தாக வேண்டும்.

பெராக்சைடு உண்மையில் வேலை செய்கிறதா?

இதைப் பெரும்பாலான செயல்விளக்கங்கள் காட்டுவதில்லை. அமிலம் மட்டும் சேர்த்தாலே கசடின் வடியும் தன்மை மாறும், ஏனென்றால் துகள்களின் எதிர்மின்னேற்றம் குறைகிறது. ஃபெரிக் உப்பு மட்டும் சேர்த்தாலும் மாறும். ஃபெரிக் குளோரைடும் சுண்ணாம்பும் பல பத்தாண்டுகளாகப் பிளேட் பிரஸ்ஸின் வழக்கமான மருந்து. கச்சாக் கசடையும் முழு ஃபென்டன் கசடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். அதில் எவ்வளவு பெராக்சைடால் வந்தது என்பது மட்டும் தெரியாது.

ஆகவே ஜார் டெஸ்ட்டை, அதாவது சிறு அளவில் மருந்து கலந்து பார்க்கும் சோதனையை, குறைந்தது ஆறு பாத்திரத்தில் செய்யச் சொல்லுங்கள்: கச்சாக் கசடு, இப்போது நீங்கள் போடும் பாலிமர், அமிலம் மட்டும், அமிலமும் ஃபெரஸும், அதே இரும்பு எடையில் ஃபெரிக், கடைசியாக முழு ஃபென்டன். கடைசி நான்குக்கும் ஒரே அளவு சுண்ணாம்பு. ஃபெரிக் பாத்திரமும் ஃபென்டன் பாத்திரமும் ஏறக்குறைய ஒரே கேக்கைத் தந்தால் உங்களுக்குப் பெராக்சைடு தேவையில்லை. ஃபெரிக் குளோரைடு வாங்கி, ஆபத்தான ஒரு இரசாயனத்தை நிலையத்துக்குள் விடாமலே இருக்கலாம். அந்த முடிவு வந்தால் விற்பனையாளருக்கு வருத்தம், உங்களுக்கு ஆதாயம்.

அளவுகள் இப்படி. 3 சதவீதத் திண்மம் உள்ள கசடு 500 மில்லி, அதில் 15 கிராம் திண்மம். திண்மத்தை 105 பாகை அடுப்பில் உலர்த்தி அளந்த பிறகே மற்ற எடைகளைக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் பீக்கர்தான் எடுக்க வேண்டும், நுரைக்கு இடம் வேண்டும். 10 சதவீதக் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான மில்லியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கொள்முதல் கணக்குக்கு அதுவே அடிப்படை. ஃபெரஸ் சல்ஃபேட் 3 கிராம், அன்றே கரைத்தது. 35 சதவீதப் பெராக்சைடு 1.2 மில்லி, பத்து மடங்கு தண்ணீரில் நீர்த்து ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் மிதமாகக் கலக்கி, பிறகு சுண்ணாம்பு 4.5 கிராம்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. சி.எஸ்.டி. என்ற தந்துகி உறிஞ்சல் நேரக் கருவி எளிது, மலிவு, எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். தண்ணீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்பதை மட்டும் அது சொல்லும். கடைசியில் கேக் எவ்வளவு உலரும் என்பது வேறு சங்கதி. சி.எஸ்.டி. பிரமாதமாக இறங்கியும் கேக் சொதசொதவென்று வருவது உண்டு. 6 பார் அழுத்தம் தாங்கும் சிறிய ஃபில்டர் செல் ஒன்றில் பிழிந்து, கேக்கை உலர்த்தி எடை போட்ட எண்ணை மட்டும் ஒப்பந்தத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கசடின் வகையும் முடிவை மாற்றும். பந்தாய் 2 போலச் செரிமானத் தொட்டி வைத்திருக்கும் பெரிய நிலையத்தின் கசடு வேறு, தாமான்களில் உள்ள நீட்டித்த காற்றூட்ட நிலையத்தின் கசடு வேறு. செரித்த கசடில் காரத்தன்மை அதிகம், கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னால் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மி.கி. இருக்கும். 3,000 மி.கி. என்றால் அதைத் தீர்க்க மட்டும் கன மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ தூய கந்தக அமிலம் போகும். 3 சதவீதக் கசடில் இது டன்னுக்கு 100 கிலோவை நெருங்கும். கசடின் புரதங்கள் குடிக்கும் அமிலம் அதற்கு மேலே. வேறொரு நிலையத்தின் ஜார் டெஸ்ட் அறிக்கையைக் காட்டி உங்களுக்கு விலை சொன்னால் ஏற்காதீர்கள்.

வரிசை தவறினால்

அமிலம், இரும்பு, பெராக்சைடு, காத்திருப்பு, சுண்ணாம்பு, பிரஸ். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாலிமர் சேர்ப்பதாக இருந்தால் எல்லாம் முடிந்து, மீந்த பெராக்சைடு இல்லை என்று தாள்பட்டையால் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் ரேடிக்கல் பாலிமர் சங்கிலியையும் நறுக்கிவிடும். சென்ட்ரிஃபியூஜுக்கு இந்த முறை ஒத்துவராததற்கும் இதை ஒட்டிய காரணம்தான். ஆக்சிஜனேற்றம் திரளைச் சின்னத் துகளாக உடைக்கிறது. துணியும் சுண்ணாம்பும் அதைத் தாங்கும், சுழலும் டிரம் தாங்காது. மேலே வரும் தண்ணீர் கலங்கி, அதே துகள் காற்றூட்டத் தொட்டிக்குத் திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நுரையை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். மேலே சொன்ன காரத்தன்மை உள்ள ஒரு லிட்டர் கசடை பி.எச். 3-க்கு இறக்கினால் ஒரு லிட்டருக்கு மேல் கரியமில வாயு கிளம்பும். பெராக்சைடு வீணாகிப் பிரிந்தால் ஆக்சிஜனும் சேரும். தொட்டியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு, அமிலத்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். விற்பனையாளர் வரைபடத்தில் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

நுரையைவிடப் பெரிய ஆபத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம்முடைய வெப்பத்தில் தேங்கிய கசடு விரைவில் அழுகும், சல்ஃபைடு சேரும். பி.எச். 7-ல் கரைந்த சல்ஃபைடில் ஏறத்தாழ பாதி வாயு வடிவம், 5-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும். இரும்போடு கட்டுண்ட கறுப்புச் சல்ஃபைடும் அமிலத்தில் கரைந்து வாயுவை விடும். அமில வால்வைத் திறந்த சில நிமிடத்திலேயே தொட்டியின் மேல் உள்ள காற்று உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகக் கூடும். 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும் நேரம்தான் மிக மோசமான நேரம். மூடிய தொட்டி, இழுவிசிறி, அதற்கொரு ஸ்க்ரப்பர் (வாயுவைக் கழுவும் கருவி), 10 பி.பி.எம்.-ல் அலறும் நிலையான மானி, ஆளின் சட்டையில் இன்னொரு மானி. இவை கொட்டேஷனில் "விருப்பத் தேர்வு" என்ற தலைப்பில் இருந்தால் அந்தக் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். தரைக்கடியில் கட்டிய நிலையத்தில் இது இரண்டு மடங்கு உண்மை. பிரஸ் நிரம்பக் காத்திருக்கும் கசடைத் தேக்கி வைக்காமல் காற்றூட்டிக்கொண்டே இருப்பதும், அமிலத்துக்கு முன் பி.எச். நடுநிலையில் இருக்கும்போதே சிறிது பெராக்சைடு விட்டு, கரைந்த சல்ஃபைடை முடிப்பதும் உதவும். சல்ஃபைடு ஒரு கிலோவுக்குப் பெராக்சைடு சுமார் ஒரு கிலோ அடிப்படை, நடைமுறையில் கூடவே செலவாகும். அது மானிக்கு மாற்று இல்லை.

இந்த நிலையங்களில் தொட்டியருகில் நிற்பவர்களில் நம் ஆட்கள் கணிசமான பேர். மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு இரசாயன வகைப்படுத்தல் விதிகளின்படி பாதுகாப்புத் தரவுத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் தரப்பட வேண்டும், தமிழில் தரும் கடமை யாருக்கும் இல்லை. வாங்கும் நிர்வாகம் ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பை எழுதி வால்வின் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் உறைதான். எந்த வால்வு முதலில், எந்த எண்ணில் வெளியே ஓட வேண்டும், கண்ணில் பட்டால் எங்கே கழுவ வேண்டும் என்று அதில் இருக்கட்டும். 2000-ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் இரசாயனச் சுகாதார ஆபத்து மதிப்பீட்டை, தொட்டியில் முதல் துளி விழுவதற்கு முன் முடித்திருக்க வேண்டும்.

பெராக்சைடு குழாய்

கசடில் கலந்த பெராக்சைடு தணிந்துவிடும். மேலே சொன்ன அளவில் அது முழுவதும் பிரிந்தாலும் கசடின் வெப்பம் ஒரு பாகைகூட ஏறாது. ஆபத்து அதற்கு முந்தைய குழாயில்தான். இரும்பு, செம்பு, பித்தளைத் துணுக்கு எதுபட்டாலும் பெராக்சைடு பிரிந்து ஆக்சிஜனும் வெப்பமுமாகும். மூடிய குழாயில் அது வெடிப்பு. எச்.டி.பி.இ., பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்குகள், அமிலத்தால் பதப்படுத்திய 316எல் எஃகு மட்டும் பயன்படுத்த வேண்டும். சாதாரண பால் வால்வை மூடும்போது பந்தின் துளைக்குள் ஒரு வாய் பெராக்சைடு சிறைப்படும், வெயிலில் அந்த வால்வே பிளந்துபோகலாம். பந்தின் ஒரு பக்கத்தில் துளையிட்ட வால்வுகள் இதற்கென்றே விற்கின்றன, கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டோசிங் பம்புக்கு வாயு வெளியேற்றும் தலை வேண்டும், இல்லாவிட்டால் குமிழ் அடைத்து பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பெராக்சைடு போகாது. எடுத்ததை டிரம்முக்குத் திருப்பி ஊற்றக் கூடாது. டிரம் மூடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும், நிழலில் வைக்க வேண்டும். 50 சதவீதக் கரைசல் தூய பெராக்சைடு கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும் நம் வெப்பத்துக்கு 35 போதும். சிந்தினால் தண்ணீர் விட்டு நீர்த்துக் கழுவுங்கள். மரத்தூளையோ பழந்துணியையோ போட்டால் தீப்பிடிக்கும்.

ஃபெரஸ் சல்ஃபேட் தொல்லை தருவது வேறு விதம். மழைக்காலத்தில் பிரித்து வைத்த மூட்டை பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகும். குழாய்த் தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் விட்டாலும் அதேதான். பழுப்பானது ஃபெரிக், அதில் ரேடிக்கல் வேலை மந்தமாகும். கரைக்கும் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, அன்றே முடியுங்கள். டைட்டானியம் ஆலைத் துணைப்பொருளாக வரும் மலிவு ரகம் என்றால் உலோகப் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள், அதிலுள்ள மாசு நேராக உங்கள் கேக்குக்குள் போகும்.

வடிநீரை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. உடைந்த வழுவழுப்பு கரைந்த சி.ஓ.டி.யாகவும் (ஆக்சிஜனைக் குடிக்கும் கரிமச் சுமை) அம்மோனியாவாகவும் நிலையத்தின் தலைப்பகுதிக்குத் திரும்பும். பாஸ்பரஸ் மட்டும் இரும்போடு கேக்கில் தங்கிவிடும், அது நல்லது. ஆற்றில் விடும் புதிய நிலையத்துக்கு மலேசியக் கழிவுநீர் விதியின் ஏ தரத்தில் அம்மோனியா நைட்ரஜன் வரம்பு லிட்டருக்கு 10 மி.கி., சி.ஓ.டி. வரம்பு 120. வரம்பை ஒட்டி ஓடும் நிலையம் இந்தக் கூடுதல் சுமையைக் கணக்கிட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வடிநீரில் பெராக்சைடு மீந்திருந்தால் சி.ஓ.டி. சோதனை பொய்யாகக் கூடுதல் காட்டும், மி.கி. ஒன்றுக்கு 0.47 வரை. அதைக் கழிக்காத எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து துணிக்கண்களில் ஜிப்சமாகப் படியும், ஓட்ட நேரம் நாளுக்கு நாள் நீளும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்புப் படிவு கரையும், ஜிப்சம் அவ்வளவு எளிதில் கரையாது. உயரழுத்த நீர்க் கழுவல் வசதியும் ஒரு மாற்றுத் துணித் தொகுதியும் விலைக்குள்ளேயே வர வேண்டும்.

மற்ற மருந்துகள்

பெர்சல்ஃபேட்டை மாற்றாகச் சிலர் முன்வைப்பார்கள். அமிலமாக்கத் தேவையில்லை என்பது பெரிய கவர்ச்சி, சல்ஃபைடு வாயு ஆபத்தும் குறையும். 2012-ல் வெளியான ஆய்வொன்றில் பி.எச். 3 முதல் 8.5 வரை ஒரே நிமிடத்தில் சி.எஸ்.டி. கிட்டத்தட்ட 89 சதவீதம் இறங்கியது. அளவைப் பாருங்கள்: ஒரு கிராம் எரியும் திண்மத்துக்குப் பெர்சல்ஃபேட் 1.2 மில்லிமோல், ஃபெரஸ் 1.5 மில்லிமோல். எரியும் பங்கு 60 சதவீதம் என்று வைத்தால் டன் உலர் திண்மத்துக்கு சோடியம் பெர்சல்ஃபேட் 170 கிலோ, ஃபெரஸ் சல்ஃபேட் 250 கிலோ. மிஞ்சும் சல்ஃபேட் 220 கிலோவுக்கு மேல், அது வடிநீரோடு போய்க் காற்றில்லாத மூலைகளில் மறுபடி சல்ஃபைடாகும், கான்கிரீட்டை அரிக்கும். ஆய்வகத்தில் அருமை, மாதாந்தரக் கொள்முதலில் கஷ்டம்.

ஓசோன் கசடின் மொத்த அளவைக் குறைக்க ஏற்றது, பிழிவதற்கு அல்ல. நுண்துகள் பெருகி வடிதல் மோசமாகவும் கூடும். பெர்மாங்கனேட் நாற்றத்துக்கு நல்லது, கேக்குக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. குளோரின் பிளீச்சைக் கசடில் கலக்கும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் வாயு.

ஒப்பந்தத்தில் கட்டணம் மூலக் கசடின் உலர் திண்ம டன்னுக்கு இருக்கட்டும், கேக் டன்னுக்கு வேண்டாம். சோதனை ஓட்டம் உங்கள் கசடில், உங்கள் ஆபரேட்டர் கையில், மழைநாள் கசடும் வெயில்நாள் கசடும் சேர்ந்ததாக நடக்கட்டும். காலி பெராக்சைடு டோங் (டிரம்), அமில டோங், கறைபட்ட மூட்டைகள் எல்லாம் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் எஸ்.டபிள்யூ. 409 என்ற பட்டியலிட்ட கழிவுக்குள் வரும். டன்னுக்கு இத்தனை கிலோ இரசாயனம் வாங்கும் நிலையத்தில் அவை விரைவில் குவியும். விற்பவரே திருப்பி எடுத்துக்கொள்கிறாரா, உரிமம் பெற்றவரை நீங்கள் தனியாக அமர்த்த வேண்டுமா என்பதை விலை பேசும் அதே நாளில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.